நாலு நாள் சாப்பிட்டால் வீட்டு ஆள்

மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறிய ஒருமுறை கேட்டால் போதாது. அதே வீட்டில், அதே ஆட்களிடம், அதே கேள்வியை வருடாவருடம் கேட்க வேண்டும். இருபத்தைந்து வருடம் கேட்டால் ஓரளவு தெரியவரும் என்று பெரியவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். இந்த உயரிய நோக்கத்துக்காக, சண்டை ஓய்ந்த மறுவருடம் மன்னாரில் ஒரு கந்தோர் திறந்தார்கள். மீள்குடியேறிய குடும்பங்களின் நீண்டகால வாழ்வுநிலைத் தொடராய்வு நிலையம் என்பது அதன் பெயர். பெயர்ப்பலகை கந்தோரின் முகப்பைவிட நீளமாக இருந்தபடியால், கடைசிச் சொற்கள் இரண்டும் பக்கத்துச் சைக்கிள் கடையின் சுவருக்குப் போய்விட்டன. காற்றுப் போன ரியூப்பைக் கொண்டுவந்த சிலரையும் உள்ளே கூப்பிட்டு, மாதத்தில் எத்தனை நாள் கவலைப்படுகிறீர்கள் என்று கேட்டதாகக் கேள்வி.

சனம் அவ்வளவு நீளமான பெயரை வாயில் வைத்துச் சுமக்கவில்லை. கேள்விக் கந்தோர் என்றது. அவ்வளவுதான்.

முசலிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சீட்டுக் குலுக்கி இருநூறு வீடுகளை ஆய்வுக்கு எடுத்தார்கள். வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நாலு தடி, மேலே ஒரு தறப்பாள். நாற்பத்தேழாம் இலக்கம் வசந்தமலரின் வீட்டுக்கு விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சபூராவின் வீடு நாற்பத்தெட்டு. பிறந்ததிலிருந்து எந்தச் சீட்டிழுப்பிலும் ஒரு சவர்க்காரக் கட்டிகூட விழாத வசந்தமலருக்கு இது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது. இலக்கம் எழுதிய தகட்டைத் தடியில் அடித்து, ஒரு பொட்டும் வைத்து, பிள்ளையாரிடம் நன்றி சொன்னாள்.

கேள்வி கேட்க வந்தவன் எட்வேட். தாழ்வுபாடு என்ற ஊர் ஆள், நாற்பது வயது, பொய் எழுத வராது. அந்தக் குணத்தால் அவனுக்குப் பதவி உயர்வும் வரவில்லை.

"கடந்த ஏழு நாளில எத்தனை நாள் மீன் சாப்பிட்டனீங்கள் அம்மா?"

"வெள்ளி தவிர மிச்ச நாள், கிடைச்சால்."

"கடந்த முப்பது நாளில எத்தனை நாள் கவலைப்பட்டனீங்கள்?"

"வெள்ளியும் சேர்த்து எழுதுங்கோ தம்பி."

முதல் வருடம் அந்த வீட்டுப் பட்டியலில் நாலு பெயர் இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் எட்வேட் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம் போட்டான். அவளுடைய மனிசன் நெஞ்சுநோவில் போனார், இலக்கம் ஒன்று. மகள் கீர்த்திகா முருங்கன் ஊருக்குக் கலியாணம் கட்டிப் போனாள், இலக்கம் இரண்டு. மகன் நிரூபன் கத்தாருக்குப் போனான், இலக்கம் மூன்று. பட்டியலில் மிஞ்சியது ஒரு பெயர். ஆனால் கை பழகிவிட்டது. வசந்தமலர் இன்னும் நாலு பேருக்குத்தான் உலை வைப்பாள். மிச்சம் ஒருநாளும் மிஞ்சாது. யாராவது வருவார்கள். வராவிட்டால் சபூராவுக்கு வேலிக்கு மேலால் ஒரு கோப்பை போகும். நோன்பு மாதம் முப்பது நாளும் அந்தப் பக்கமிருந்து கஞ்சி வரும். ஒருநாளும் வெறுங்கோப்பை வேலி தாண்டியதில்லை.

ஐந்தாம் வருடம் இரண்டு செய்தி ஒன்றாக வந்தன.

முதலாவது, கல்வீடு. வீட்டுத்திட்டத்தில் மிஞ்சியிருக்கும் கல்வீடுகளைப் புள்ளி போட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். புள்ளிக்குரிய விபரங்கள் கேள்விக் கந்தோரின் படிவத்திலிருந்தே எடுக்கப்படுமாம். தனித்த பெண் தலைமை தாங்கும் குடும்பத்துக்கு இருபது புள்ளி என்றதும், முதல் வீடு வசந்தமலருக்குத்தான் என்று ஊரே சொல்லிவிட்டது. நாலு மழைக்குத் தறப்பாளைத் தைத்தவள், பிள்ளையார் படத்துக்கு எந்தச் சுவர் என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள்.

இரண்டாவது, கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை: "வீடு எனப்படுவது கூரையன்று, உலையேயாகும். ஏழு நாட்களில் நாலு நாட்கள் ஒரே உலையில் உண்பவர் யாவரும் அவ்வீட்டின் அங்கத்தவர் எனக் கொள்ளப்படுவர். இரத்த உறவு, மதம், முகவரி, பதவி என்பன கருதப்படா."

இதோடு கேள்விகளும் கூடி, படிவம் நூற்றுப் பன்னிரண்டு பக்கமாகியது. ஒரு வீட்டை முடிக்க நாலு நாள் வேண்டும். எட்வேட் நாலு நாளும் காலையில் வந்தான், பின்னேரம் போனான். நடுவில் மத்தியானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? வசந்தமலர் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான்.

நாலாம் நாள் கடைசிப் பக்கத்தை நிரப்பும்போது அவன் பேனை நின்றுவிட்டது.

"அம்மா, ஒரு சிக்கல். நான் உங்கட வீட்டு ஆள்."

"அதுக்கென்ன தம்பி, நல்ல விசயம்தானே."

"இல்லையம்மா. படிவப்படி."

அவன் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினான். பிறகு வேறு வழியில்லாமல் தன்னைத் தானே கேள்வி கேட்கத் தொடங்கினான். "வயது? நாற்பத்துநாலு. தொழில்? கேள்வி கேட்டல். வாகனம்? மோட்டார் சைக்கிள் ஒண்டு. கடந்த முப்பது நாளில கவலை?" இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்து, "இண்டைக்குத்தான் தொடங்கினது" என்று எழுதினான்.

ஒரு மாதத்தில் புள்ளிப் பட்டியல் வந்தது. நாற்பத்தேழாம் வீட்டில் சம்பளம் எடுக்கும் ஆண் ஒருவரும் மோட்டார் சைக்கிள் ஒன்றும் இருப்பதால் வீடு இல்லை.

சபூரா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஒரு பிளேட் சோத்துக்கு ஒரு கல்வீடா அக்கா? வாங்கோ, நானும் வாறன், கேப்பம்!"

இரண்டு பேரும் பஸ் ஏறி மன்னாருக்குப் போனார்கள். கந்தோரில் பெரியவர் அமிர்தநாயகம் கதிரையில் இருந்தார். ஒழுங்கான மனிதர். பென்சிலைக்கூட மேசை விளிம்புக்கு நேராகத்தான் வைப்பார். எட்வேட் அலுமாரிக்குப் பக்கத்தில் குற்றவாளி போல் நின்றான்.

"ஐயா, எட்வேட் தம்பியைக் கழிச்சு விடுங்கோ," என்றாள் வசந்தமலர். "அவர் வேலைக்கு வந்தவர். பசிச்சது, சாப்பிட்டவர்."

"அம்மா, தொடராய்வில ஆளைச் சேர்க்கலாம், கழிக்க ஏலாது. ஒரு அங்கத்தவர் வெளியேற மூண்டு வழிதான் இருக்கு. ஒண்டு மரணம், ரெண்டு கலியாணம், மூண்டு வெளிநாடு."

மூன்று வழியும் வசந்தமலருக்குத் தெரிந்த வழிகள்.

சபூரா விடவில்லை. "அப்ப இவரைக் கத்தாருக்கு அனுப்புங்கோ."

"எனக்குப் பாஸ்போட் இல்லை," என்றான் எட்வேட்.

"கலியாணம்?"

"முடிஞ்சுது. ரெண்டாயிரத்து மூண்டில."

அமிர்தநாயகம் தலையாட்டினார். "அது செல்லாது. இந்த வீட்டில அங்கத்தவரான பிறகு, இந்த வீட்டிலயிருந்து புறப்பட்டுச் செய்ய வேணும்."

"திரும்பவும் ஒண்டு கட்டச் சொல்லுறீங்களோ ஐயா?"

"நான் சொல்லேல்லை எட்வேட். படிவம் சொல்லுது."

மிஞ்சிய வழியை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் ஒருதரம் எட்வேட்டைப் பார்த்தார்கள். அவன் அலுமாரியோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றான்.

கடைசியில் அமிர்தநாயகத்துக்கே இரக்கம் வந்தது. "மீளாய்வு ஒண்டு செய்வம். எட்வேட் இன்னொரு நாலு நாள் வரட்டும். அந்த உலையில ஒரு பருக்கையும் தொடாட்டில், பிழையாகச் சேர்க்கப்பட்டவர் எண்டு எழுதி, பழைய புள்ளியைத் திருப்பித் தரலாம். நாலு நாள் சோறு குடுக்காமல் இருங்கோ அம்மா. வீடு உங்கட."

"அக்கா, கேட்டீங்களோ? நாலே நாள்!" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சபூரா படித்துப் படித்துச் சொன்னாள். "கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ."

"ஓம் சபூரா. பிள்ளையாரிட்டையும் சொல்லிப்போட்டன்."

இதற்கிடையில் விதிப்படி ஒரு கடிதம் தாழ்வுபாட்டுக்குப் போயிருந்தது. "தங்கள் கணவர் முசலி இலக்கம் 47 வீட்டின் அங்கத்தவராக உறுதிப்படுத்தப்பட்டுள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்." எட்வேட்டின் மனைவி பிலோமினா அதை இரண்டுதரம் வாசித்தாள். மீளாய்வின் முதல்நாள் எட்வேட் மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது அவள் பின்னால் ஏறிவிட்டாள். பள்ளிக்கூட விடுமுறை. ஆகவே பெட்டைப் பிள்ளைகள் இரண்டும் பெற்றோல் ராங்கியின் மேல்.

"எங்க அந்த மனிசி?" என்று இறங்கும்போதே கேட்டாள்.

"நான்தான் பிள்ளை. வெயிலுக்க நிக்காமல் உள்ள வாங்கோ," என்றாள் வசந்தமலர்.

பிலோமினா பார்த்தாள். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, தைத்த தறப்பாள். தாழ்வுபாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கணவன்மேல் இறக்கினாள். "கேள்வி கேக்கப் போன இடத்தில உமக்கென்ன சோறு?"

வசந்தமலர் அன்றைக்கு மிகவும் கவனமாக இருந்தாள். விடியவே சமைத்து, பானையை மூடி, மேலே சுளகைக் கவிழ்த்து, அதற்கு மேல் ஒரு சாக்கையும் போட்டிருந்தாள். ஆனால் பாரை மீன் குழம்புக்குச் சுற்றறிக்கை தெரியாது. மத்தியானம் அது சாக்குக்கு வெளியே வந்தது.

"அம்மா, மீன் மணக்குது," என்றாள் சின்னவள்.

"வாயை மூடு. அது வீட்டுக்காரருக்கு."

பிள்ளை வாயை மூடியது. கண்ணை மூடவில்லை. வசந்தமலர் பிள்ளையாரை நினைத்தாள், கல்வீட்டை நினைத்தாள், நாலு மழையை நினைத்தாள். நினைத்துக்கொண்டு போக, இடம்பெயர்ந்து இருந்த முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்ற ஒரு மத்தியானம் குறுக்கே வந்தது. அவளுடைய முறை வர அண்டா காலி. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு மனிசி, பெயர்கூடத் தெரியாது, தன் தட்டில் பாதியைத் தள்ளி இவளுக்குப் போட்டுவிட்டுப் போனாள். எத்தனை நாள் சாப்பிடுவாய் என்று அவள் கேட்கவில்லை.

வசந்தமலர் சாக்கை எடுத்தாள்.

"அம்மா, வேண்டாம்! வீடு!" என்று எட்வேட் பதறினான்.

"வீட்டைப் பிறகு பாப்பம். சோறு ஆறுது."

நாலு நாளும் பிலோமினா காவலுக்கு வந்தாள். நாலு நாளும் பிள்ளைகளும் வந்தார்கள். எட்வேட் முதல்நாள் குழம்பு மட்டும் தொட்டான். இரண்டாம் நாளிலிருந்து கள்ளம் செய்யாமல் சோறும் போட்டுச் சாப்பிட்டான். மீளாய்வு முடிய, அந்த வீட்டில் ஐந்து பேர்.

சபூரா தலையில் கைவைத்தாள். "ஒருத்தரைக் கழிக்கப் போய் மூண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நிக்கிறீங்களே அக்கா!"

அமிர்தநாயகம் அறிக்கையைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார். நாற்பத்தேழாம் வீடு ஒரே வருடத்தில் நானூறு வீதம் வளர்ந்திருந்தது. தரவு இப்படிப் போனால் மேலதிகாரி நேரில் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. சாரதி நுஃமானையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் புறப்பட்டார். முன்யோசனைக்காரர். இரண்டு சோத்துப் பார்சலும் கட்டிக்கொண்டு வந்தார்.

முதல்நாள் ஜீப்புக்குள் இருந்தே பார்சலைச் சாப்பிட்டார்கள். வசந்தமலர் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். தண்ணிக்கு விதி இல்லை.

இரண்டாம் நாள் வெயில் கொஞ்சம் கூட. பார்சலை அவிழ்த்த நுஃமான் மூக்கைப் பொத்தினார். "சேர், இது பழுதாப் போச்சு. இதைத் திண்டால் ரெண்டு பேரும் முருங்கன் ஆஸ்பத்திரிதான்."

உள்ளே சுறா வறை வறுபட்டுக்கொண்டிருந்தது.

"உலையின் தரத்தையும் பரிசோதிக்க வேண்டியிருக்கு," என்று அமிர்தநாயகம் பொதுவாகச் சொல்லிக்கொண்டு பாயில் இருந்தார். முதல் தட்டு பரிசோதனை. இரண்டாவது தட்டு, முதல் முடிவை உறுதிப்படுத்த. மூன்றாம் நாள் அவர் பார்சல் கொண்டுவரவில்லை. நாலாம் நாள், முருங்கைக்காய்ப் பால்கறி இருக்குமா என்று ரெலிபோனில் கேட்டார். ஐந்தாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவி, அறிக்கை எழுத இருந்தபோது எட்வேட் தொண்டையைச் செருமினான்.

"சேர். நாலு நாள்."

"என்ன நாலு நாள்?"

"நீங்கள் சேர். நுஃமான் நானாவும்."

வேறொருவராக இருந்தால் பக்கத்தைக் கிழித்திருப்பார். அமிர்தநாயகம் பென்சிலைப் படிவத்தின் விளிம்புக்கு நேராக வைத்தார். "தரவுக்கு முன்னால பதவி இல்லை. எழுது," என்றார்.

எட்வேட் எழுதினான். அங்கத்தவர் ஏழு. கூடிய சம்பளம் எடுப்பவரே குடும்பத் தலைவர். ஆகவே தலைவர் அமிர்தநாயகம். தலைவரின் மனைவி இந்த உலையில் உண்ணவில்லை. ஆகவே துணையற்ற தலைவர், புள்ளி இருபது. ஒரு தறப்பாளின் கீழ் ஏழு பேர், நெரிசல், முப்பது. சிறுவர் இருவர், இருபது. இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் ஒரே பானையில், நல்லிணக்கம், முப்பது. நல்லிணக்கத்துக்கு அந்த வருடம் நல்ல விலை இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் ஜீப்புக்கும் பத்துக் கழித்தும் தொண்ணூறு புள்ளி. மாவட்டத்திலேயே முதலாவது.

மூன்று மாதத்தில் கல்வீடு எழும்பியது. வாசலில் ஒரு பளிங்குக் கல்: "பயனாளி: திரு. அமிர்தநாயகம், குடும்பத் தலைவர்." கீழே சின்ன எழுத்தில், "மற்றும் அறுவர்." படிவத்தில் வசந்தமலரின் பெயருக்கு நேரே, தலைவருக்கு என்ன உறவு என்ற இடத்தில், "வேறு" என்று இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சாவி அவளிடம்தான். பிள்ளையார் கிழக்குச் சுவரில். அங்கத்தவர் குறைந்தால் வீடு பறிபோகும் என்றபடியால், ஆய்வு வந்த நேரமெல்லாம் மற்ற ஆறு பேரும் நாலு நாள் வந்து விசுவாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் லீவு போடவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? நுளம்புக்கு மருந்தடிக்க வந்தவரை ஒரு வீடு பிடித்து இருத்தியது. கரண்ட் மீற்றர் பார்க்க வந்தவருக்கு இறால் பொரித்தது இன்னொரு வீடு. நல்லிணக்கப் புள்ளிக்காக வேறு மதத்து உத்தியோகத்தரைத் தேடி ஆட்கள் சந்தியில் நின்றார்கள். கேள்விக் கந்தோர் அந்த வருட அறிக்கையில் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டது: "இக்கிராமத்தில் வீடொன்றுக்குச் சராசரியாக ஒரு உத்தியோகத்தர் உள்ளார். இது கொழும்பைவிட அதிகம்."

சபூராவும் மருந்தடிக்கிறவர் ஒருவருக்கு மூன்று நாள் சோறு போட்டாள். நாலாம் நாள் விடிய அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. வீடு வரவில்லை.

அந்தக் கோபத்தில் நோன்பு பிறந்தது. முதல்நாள் பாங்கு கேட்டதும் வசந்தமலர் பழக்கத்தில் வேலியடிக்கு வந்தாள். சபூரா கஞ்சிச் சட்டியோடுதான் நின்றாள். ஆனால் கை வேலிக்கு மேலே வரவில்லை.

"அக்கா, குறை நினைக்காதீங்கோ. முப்பது நாளும் நான் கஞ்சி தந்தால் நீங்கள் எங்கட வீட்டு ஆள். நீங்கள் வந்தால் உங்களோட அமிர்தநாயகம் சேரும் வருவார். ஏற்கெனவே வீடு எடுத்தவரோட சேர்ந்தால் எனக்கு எப்ப வீடு வரும்?"

"நான் புட்டு தந்தால்?"

"அப்பவும் அதேதான்."

ஒன்றும் தராமல் ஒன்றும் வாங்காமல் இரண்டு பேரும் வேலியடியில் நின்றார்கள். முகாமில்கூட இப்படி நின்றதில்லை. கஞ்சி ஆறத் தொடங்கியது.

"சபூரா," என்றாள் வசந்தமலர். "தெரு எந்த இலக்கம்?"

"தெருவுக்கு ஏது இலக்கம்?"

"அப்ப வா."

இரண்டு பேரும் படலையைத் திறந்துகொண்டு கிரவல் தெருவுக்குப் போனார்கள். ஒரு பாயை விரித்து, சட்டியை நடுவில் வைத்து, பேரீச்சம்பழத்தோடு தொடங்கி, சாப்பிட்டுச் சிரித்தார்கள். நாலாம் நாள் எட்வேட் மோட்டார் சைக்கிளை அவர்களுக்கு முன்னால் நிறுத்தினான். பார்த்தான். அவனுக்குப் பொய் எழுத வராது என்று முதலே சொல்லியிருக்கிறேன்.

"அம்மா, இது தனி உலை. தனி உலை எண்டால் தனி வீடு." பையிலிருந்து ஒரு புதுப் படிவம் வந்தது. "கூரை? இல்லை. சுவர்? இல்லை. நிலம்? கிரவல். மலசலகூடம்? இல்லை. மதம் ரெண்டு." கூட்டிப் பார்த்தான். நூற்றுப் பத்துப் புள்ளி.

மற்றநாள் பாங்குக்கு முன்னமே தெருவில் இடமில்லை. கல்வீட்டுக்காரரும் தகர வீட்டுக்காரரும், வேதக்காரரும் சைவக்காரரும், இருநூறு வீடும் சட்டி பானையோடு கிரவலில் வந்து இருந்தது. ஆளுக்காள் இடம் தள்ளி, கறி மாற்றி, பிள்ளைகள் எந்தத் தட்டில் யார் பிள்ளை என்று தெரியாமல் சாப்பிட்டன. நாலு நாளும் நடந்தது.

ஐந்தாம் நாள் எட்வேட் தொங்கிய முகத்தோடு வந்தான். கந்தோர் கணக்குப் பார்த்துவிட்டதாம்.

"எல்லாரும் எல்லாற்ற சட்டியிலும் கைவைச்சபடியால் இருநூறு உலையும் ஒரே உலையாம். ஊர் முழுக்க ஒரே வீடாம். ஆகையால் ஊருக்கே ஒரு கல்வீடுதான் வரும். குடும்பத் தலைவர், கூடின சம்பளக்காரர் எண்ட விதிப்படி, அமிர்தநாயகம் சேர். மற்ற எல்லாரும் 'வேறு'."

தெரு கொதித்தது. நீ ஏன் என் சட்டியில் கைவைத்தாய் என்று ஒருவர் கேட்க, நீதானே முதலில் கறி கேட்டாய் என்று மற்றவர் சொல்ல, பெரிய சண்டை. சண்டையிலும் ஒருவரும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கவில்லை. அறிக்கையும் வந்தது: "வீடுகள் வழங்கப்பட்ட பின்னரும் இம்மக்கள் தெருவிலேயே உண்கின்றனர். காரணம் புலப்படவில்லை. மேலும் இருபத்தைந்து வருட ஆய்வு அவசியம்."

தூரத்தில் ஜீப்பின் புழுதி தெரிந்தது.

"தலைவர் வாறார், ஒரு கோப்பை கழுவி வையுங்கோ!" என்று சபூரா கத்தினாள்.

வசந்தமலர் கண்ணை மூடிக் கைகூப்பினாள். "பிள்ளையாரே, அந்த ஒரு வீட்டை அவசரப்படாமல் அனுப்பு," என்று வேண்டிவிட்டு, அகப்பையை எடுத்தாள்.